நான்கு அடி உப்புநீர்த் தொட்டியில் டேங் மீனை நலமாக வளர்க்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள உப்புநீர்த் தொட்டி ஓராண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது; அதில் ஒரு சோடிக் கோமாளி மீன்கள் இருக்கின்றன; போன மாதம் வாங்கி விட்ட பவுடர் ப்ளூ டேங் (டேங் என்பது பாசி மேயும் சர்ஜன் மீன் வகை), வெள்ளைப் புள்ளி நோய் கண்டு இறந்துவிட்டது; இனி இந்தத் தொட்டியில் டேங் மீனே வைக்கக் கூடாதா, வைத்தால் எப்படிக் காப்பது?

வைக்கலாம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைக்க வேண்டும், அதுவும் சிறிய இனமாக இருக்க வேண்டும், உடனே வாங்கவும் கூடாது. சென்னையில் ஏறத்தாழ இதே அளவுத் தொட்டியில் டேங் வளர்ப்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: இந்த மீனின் நலத்தில் பெரும்பகுதி, அது உங்கள் தொட்டிக்குள் இறங்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்த இனத்தைத் தேர்ந்தீர்கள், அதைத் தனியாக வைத்துச் சிகிச்சை அளித்தீர்களா என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால், அதன்பின் எஞ்சுவது உணவும் நீரும்தான்.

உங்கள் தொட்டியில் கண்ணாடி விளிம்பு வரை நிரப்பினாலே சுமார் 250 லிட்டர்தான் பிடிக்கும். கல்லும் மணலும் போக நீர் இன்னும் குறைவு. பவுடர் ப்ளூ நம் பக்கத்து மீன். மாலத்தீவு, இலங்கை, லட்சத்தீவுப் பவளப்பாறைகளில் வாழ்வது என்பதால் நம் ஊர்க் கடைகளில் மற்ற டேங்குகளைவிட எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது பாறை விளிம்பில், அலை மோதும் இடத்தில், நாள் முழுதும் நீந்தி மேயும் உடலமைப்புக் கொண்டது, 20 செ.மீ.க்கு மேல் வளரும். இடம் குறுகினால் மற்ற மீன்களை விரட்டும். புள்ளி நோய்க்கு இதைப் போல விரைவாக ஆளாகும் மீன்கள் மிகச் சில. எனவே அது இறந்ததற்கு உங்கள் கவனக்குறைவைக் காரணமாக்க நான் தயாரில்லை. அந்தத் தொட்டிக்கு உரிய மீன் அல்ல அது. 30 செ.மீ. வரை வளரும் நீல டேங்கும், விரிந்த துடுப்போடு 40 செ.மீ. எட்டும் செயில்ஃபின் டேங்கும் சிறு குஞ்சாக இருக்கும்போது கடையில் மிக அழகாக இருக்கும், அவற்றையும் விட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பொருத்தமானவை பிரிஸில்டூத் எனப்படும் டினோகீட்டஸ் இனங்களில் சிறியவை. இந்தோனேசியாவிலிருந்து வரும் டோமினி டேங், ஹவாய்த் தீவின் கோலே டேங், இந்தியப் பெருங்கடலில் வாழும் டினோகீட்டஸ் ட்ரங்கேட்டஸ் ஆகியவை பெரும்பாலும் 15 முதல் 18 செ.மீ.க்குள் நின்றுவிடும். கடைசியாகச் சொன்னதன் குஞ்சுகள் நல்ல மஞ்சளாக இருக்கும், வளர வளரப் பழுப்பாகி உடல் முழுதும் நுண்புள்ளி படரும். நிறம் மாறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இவற்றின் வாயில் சீப்புப் போல அடர்ந்த மெல்லிய பற்கள் உண்டு. பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பழுப்புப் படலத்தை அவற்றால் சுரண்டித் தின்னும். அதனால்தான் புதுத் தொட்டியில் இவை மெலிந்துபோகும். ஓராண்டு முதிர்ந்த உங்கள் தொட்டி இவ்வகையில் நல்லது. முன்கண்ணாடியை மட்டும் துடைத்து, பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் துடைக்காமல் விட்டுவிடுங்கள். அது அதன் மேய்ச்சல் நிலம்.

மஞ்சள் டேங் பற்றியும் கேட்பீர்கள். 20 செ.மீ. வரை வளரும் அந்த மீனுக்கு உங்கள் தொட்டி சிறிது குறைவு என்பதே என் கருத்து; ஆறு அடித் தொட்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஹவாயில் தொட்டி மீன் வணிகத்துக்காகப் பிடிப்பது 2021 ஜனவரியோடு நின்றபின் விலை வெகுவாக ஏறிவிட்டது. ஆயினும் 2015இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் முதன்முதலாக அதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்து காட்டியதன் பலனாக, இன்று பண்ணையில் பிறந்த குஞ்சுகள் சந்தைக்கு வருகின்றன. தொட்டியிலேயே பிறந்து குருணை உணவு தின்று பழகிய மீன் கடலில் பிடித்த மீனைவிடப் பல மடங்கு எளிதாக நிலைபெறும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இறந்த மீனை எடுத்துவிட்டீர்கள், கோமாளிகள் நன்றாகவே இருக்கின்றன, எனவே தொட்டி சுத்தமாகிவிட்டது என்று எண்ணினால் அடுத்த டேங்கும் அதே வழியில் போகும். வெள்ளைப் புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, மீனின் மேல்தோலுக்கு அடியில் சில நாள் தங்கி உண்டு பருக்கும். அப்போதுதான் ரவை தூவியது போன்ற புள்ளிகளை நாம் காண்கிறோம். பிறகு அது தானாகவே உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, கூடு கட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாக வெடித்து வந்து மீண்டும் மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் "பூண்டுச் சாறு கொடுத்தேன், சரியாகிவிட்டது" என்று பலர் சொல்வது இந்த இடைவெளியில்தான். பூண்டோ, சுத்தம் செய்யும் இறாலோ, நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பதோ இந்த நோயைத் தீர்ப்பதில்லை. புற ஊதா விளக்கு நீரில் நீந்துபவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கோமாளிகள் எந்த அடையாளமும் காட்டாமல் செவுளில் சிலவற்றைச் சுமந்துகொண்டே இருக்கக்கூடும்.

ஆகவே கோமாளிகளையும் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். தரையில் மணலோ கல்லோ இல்லாத, ஒளிந்துகொள்ளச் சில பிவிசி குழாய்த் துண்டுகளும் அம்மோனியாவை நீக்கும் பாக்டீரியா ஏற்கனவே ஏறிய ஸ்பான்ஜ் ஃபில்டரும் மட்டும் உள்ள 80 முதல் 100 லிட்டர்த் தொட்டி ஒன்றை அவற்றுக்கு அமையுங்கள். பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் ஓடட்டும். கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி 72 நாள் வரை உயிரோடு இருந்து வெளிவந்தது பதிவாகியிருப்பதால் அனுபவசாலிகள் வைத்த கணக்கு இது. பவளமும் நத்தையும் நண்டும் அங்கேயே இருக்கலாம். மீன் கிடைக்காவிட்டால் அந்த ஒட்டுண்ணி மடிந்துவிடும்.

புதிதாக வரும் டேங்கும் இதே முறையில் தனித் தொட்டியில்தான் முதலில் இறங்க வேண்டும். கோமாளிகளுக்கும் டேங்குக்கும் நான் நம்புவது காப்பர் (செம்பு) சிகிச்சையை. அயனிக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி., கீலேட் செய்யப்பட்டது (வேறு மூலக்கூறோடு பிணைத்தது) என்றால் 1.5 முதல் 2 மி.கி., சில தயாரிப்புகளில் இன்னும் மேலே என்று அளவு வேறுபடும் என்பதால், அட்டையில் உள்ளதைப் படித்து, அந்த வகைக் காப்பரை அளக்கும் சோதனைக் கருவியை வாங்கிய பிறகே மருந்தைத் திறக்க வேண்டும். டேங்குகளுக்குக் காப்பர் கடுமையானது. ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றினால் உணவை நிறுத்திவிடும். மூன்று நான்கு நாளில் படிப்படியாக ஏற்றி, பிறகு அந்த அளவு குறையாமல் 30 நாள் வைத்திருக்க வேண்டும். காப்பர் கொல்வது நீரில் நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்கடியில் இருப்பதை அது தொடாது. இடையில் ஒருநாள் அளவு கீழே இறங்கினாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். இந்தத் தொட்டியில் பயன்படுத்திய வலை, வாளி, குழாய் எதுவும் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது, ஏனெனில் காப்பர் முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் படிந்துவிடும் என்பதால் பெரிய தொட்டிக்குள் அதை ஊற்றுவது தொட்டியையே கெடுப்பதற்குச் சமம்.

புள்ளி தெளிவாகத் தெரியாமல், உடல் முழுதும் மெல்லிய பொடி படிந்தது போலிருந்து, மீன் மூச்சு வாங்கிக்கொண்டு நீரோட்டத்தின் முன்னால் நின்றால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதில் காத்திருக்க நேரமில்லை. இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். உடனே தனித் தொட்டியும் காப்பரும்தான்.

வாங்கும்போது கடைக்காரரிடம் "என் முன்னால் ஒருமுறை உணவு போடுங்கள்" என்று கேளுங்கள். தின்னாத டேங்கை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். முன்பக்கமாக நேராகப் பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டி, முதுகு கத்தி முனைபோல் தெரிந்தால் அது வெகுநாள் பட்டினி கிடந்த மீன். அத்தகைய மீன் தின்னத் தொடங்கிய பிறகும் தேறாமல் போவதுண்டு.

அதற்கான காரணம் அதன் குடலில் இருக்கிறது. சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றில் பல, பாசியை நாள் முழுதும் கொறித்து, நீண்ட குடலில் நுண்ணுயிர்களின் துணையோடு செரிக்கின்றன. 1985இல் செங்கடலின் பழுப்புச் சர்ஜன் மீனின் குடலில் கண்டறியப்பட்ட எபுலோபிசியம் என்ற உயிர், 0.6 மி.மீ. வரை நீண்டு வெறும் கண்ணுக்கே தெரிந்ததால், அது ஒரு பாக்டீரியா என்று 1993 வரை யாருக்கும் உறுதிப்படவில்லை. இத்தனை நுட்பமான செரிமானம் கொண்ட மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகைக் குருணை போட்டுவிட்டு அலுவலகம் போவது எப்படிப் போதும்?

உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காத வெறும் நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் செருகிக் காலையில் வையுங்கள். மாலையில் மிச்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஸ்பைருலினா கலந்த குருணையும், வாரத்தில் சில நாள் சிறிதளவு மைசிஸ் இறாலும் சேர்க்கலாம். மண்டபம், இராமேசுவரம் கரைகளில் கிடைக்கும் கஞ்சிப்பாசி கைக்கு வந்தால் அதைவிட நல்ல உணவு இல்லை. நல்ல தண்ணீரில் அலசி, உறைய வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கீரையும் லெட்யூஸும் வயிற்றை நிரப்புமே தவிரக் கடற்பாசிக்கு ஈடாகா. டினோகீட்டஸ் முதல் வாரத்தில் கிளிப்பைத் திரும்பியே பார்க்காமல் போகலாம். அப்போது ஈரமான நோரியை ஒரு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி அடியில் வைத்தால், பாறை என்று நினைத்துச் சுரண்டத் தொடங்கும்.

கண்ணுக்குப் பின்னாலும் உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்து நிறம் வெளுப்பது டேங்குகளில் அடிக்கடி காணும் குறை. உணவில் விட்டமின் குறைவு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2011இல் அட்லாண்டிக் சர்ஜன் மீன்களை வைத்து வெளியான ஆய்வில், லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) வகை வடிகட்டிக் கார்பன் வழியாக நீரை ஓடவிட்ட தொட்டிகளில் இந்த அரிப்பு உண்டானது. கார்பன் வேண்டுமென்றால் தூள் உதிராத வகையை நன்றாக அலசி, குறைந்த அளவில், சில நாள் மட்டும் பயன்படுத்துங்கள்.

நீரைப் பொறுத்தவரை உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அம்மோனியா சுழியம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் இருந்தால் போதும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ போதாது. எஞ்சிய அயனிகளையும் நீக்கும் டிஐ வடிகட்டி சேர்ந்து, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள திடப்பொருள் அளவு) சுழியம் காட்டும் நீரில் உப்பைக் கலக்குங்கள். கடல்நீரைக் கொண்டுவருவோரும் உண்டு, ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும், கழிவும் சேரும். அதேபோல் மன்னார் வளைகுடாப் பவளக்கல்லை யாராவது விற்றால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை, அந்தக் கடலும் ஏற்கனவே போதிய அளவு இழந்திருக்கிறது.

நம் ஊரில் டேங்கைக் கொல்லும் இன்னொன்று மே மாதத்து மின்வெட்டு. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மி.கி. பிராணவாயுவைத்தான் தாங்கும், 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறையும், மீனின் தேவையோ அதே நேரத்தில் கூடும். அலை மோதும் இடத்து மீனான டேங்தான் முதலில் திணறும். கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவை. மின்விசிறி நீரை ஆவியாக்கிச் சிறிது குளிர்விக்கும் என்றாலும் சென்னையின் புழுக்கத்தில் அதன் பலன் குறைவு. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணைத்து, பேட்டரி ஏர் பம்பு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்.

கல்லைக் கோட்டைச் சுவராக அடுக்காமல், நடுவில் நீண்ட நீச்சல் வழியும் இரவில் நுழைந்துகொள்ள இரண்டு பொந்துகளும் இருக்கும்படி வையுங்கள். டேங்கைக் கடைசி மீனாகச் சேருங்கள். முன்பே குடியேறியிருந்தால் புதிதாக வருபவர்களை வால் அடியிலுள்ள கூரிய முள்ளால் வெட்டும். அந்த முள் வலையில் சிக்கித் தோலைக் கிழித்துக்கொள்ளும் என்பதால், எடுக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு அள்ளுங்கள். உங்கள் விரலையும் விலக்கி வையுங்கள். காயம் ஆழமாக இறங்கும்.

விளக்கை அணைத்த பிறகு டேங்கின் நிறம் மங்கித் திட்டுத் திட்டாகத் தெரிவது நோயல்ல. மஞ்சள் டேங்குக்கு இரவில் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை தோன்றி, காலையில் மறையும். விளக்குப் போட்டு அரைமணி கழித்தும் நிறம் திரும்பாமல், உணவுக்கும் வராமல் இருந்தால்தான் வெப்பமானியையும் அம்மோனியாச் சோதனையையும் கையில் எடுக்க வேண்டும்.