அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்ற பிறகும் குழந்தைக்கு எதற்கு டிஎம்எஸ்ஏ ஸ்கேன்?

எட்டு மாத மகளுக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்து வார்டில் இருந்திருக்கிறாள். அல்ட்ராசவுண்ட் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஐந்து மாதம் கழித்து டிஎம்எஸ்ஏ ஸ்கேனுக்கு, அதாவது கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திச் சிறுநீரகத்தைப் படம் எடுக்கும் சோதனைக்கு, தேதி கொடுத்திருக்கிறார்கள். இப்போதே எடுத்துவிடலாமா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஸ்கேன் பிரிவில்தான் எனக்கு வேலை. விடவும் வேண்டாம், அவசரப்பட்டு முன்னால் எடுக்கவும் வேண்டாம்.

அல்ட்ராசவுண்ட் சிறுநீரகத்தின் அளவையும் வடிவத்தையும் காட்டும். எங்காவது அடைப்பு, வீக்கம் இருந்தால் தெரியும். ஆனால் கிருமி சிறுநீரகத்துக்குள் போய் விட்டுச்சென்ற சிறு தழும்பு அதில் பல நேரம் பிடிபடாது. டிஎம்எஸ்ஏ மருந்தை நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத் திசுதான் உறிஞ்சும். பாதிப்பு உள்ள இடம் படத்தில் வெறுமையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், தொற்று இருக்கும்போது புண்ணான இடமும் அப்படித்தான் தெரியும். ஆறிவிடுமா, தழும்பாக நிற்குமா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நான்கிலிருந்து ஆறு மாதம் காத்திருப்பது.

எல்லாக் குழந்தைக்கும் இதை எழுதித் தருவதில்லை. மருந்து கொடுத்தும் இரண்டு நாளில் காய்ச்சல் அடங்கவில்லை, வழக்கமான ஈகோலை அல்லாத கிருமி, திரும்பத் திரும்பத் தொற்று என்று ஏதாவது காரணம் இருக்கும். உங்கள் மகளுக்கு எது என்று டாக்டரிடம் கேளுங்கள். குழாய் விட்டு எடுக்கும் எம்சியூஜி எக்ஸ்ரே வேறு. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது. முதல் தொற்றுக்கே எல்லாருக்கும் அதைச் செய்யும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது.

ஸ்கேன் அன்று புறங்கையில் மரத்துப்போகும் கிரீம் தடவி, மேலே ஒட்டுப் போடுவார்கள். பிறகு ஊசி. அழுவாள்தான். ஆனால் படம் எடுப்பது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. அந்த இடைவெளியில் தூங்கவிடாமல் வைத்திருந்து, படத்துக்குச் சற்று முன்னால் பால் கொடுத்தால், துணியில் சுற்றிப் படுக்க வைத்ததும் கண்ணயர்ந்துவிடுவாள். அசையாமல் கிடந்தால்தான் படம் தெளிவாக வரும். நீங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். கதிர்வீச்சு குறைந்த அளவுதான், மருந்தின் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்றைக்கு டயப்பர் மாற்றிய பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள், போதும்.

இந்த ஐந்து மாதத்துக்குள் சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால், பனடால் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே கிளினிக்கிலோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) காட்டி, முன்பு வந்த தொற்றைச் சொல்லி, சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மறுபடி தொற்று என்று தெரிந்தால் ஸ்கேன் பிரிவுக்கும் போன் பண்ணிவிடுங்கள், தேதியை மாற்ற வேண்டியிருக்கலாம்.