குமுளி ஏற்றத்தில் முனகும் ஸ்டீயரிங்: பம்ப்புக்கு முன் ஹோஸைப் பாருங்கள்

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஸ்டீயரிங் முனகுகிறது, கனக்கிறது, 15 நாளைக்கு ஒருமுறை ஆயில் ஊற்றுகிறேன், பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே.

பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீராது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. வண்டி ஓடி வந்து நின்றதும் அந்த ஆயில் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். கடைந்த மோர் மாதிரி நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. முனகலுக்கு அது ஒன்றே போதும். எனக்கும் இதே கதைதான். பம்ப்பைக் கழற்றி மாட்டியதற்குக் கூலி கொடுத்த பிறகு பார்த்தால், டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது!

அந்த ஹோஸில் ஈரம் இல்லையா? முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இரு ஓரத்து ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. பம்ப்பைச் சுழற்றும் பெல்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒழுகலை அடைத்த பிறகு, உள்ளே புகுந்த காற்று வெளியேற, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20 தடவையாவது மெதுவாகத் திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஆயில் ஊற்றுங்கள். வண்டிக்குச் சொன்ன ஆயில் மட்டும்தான். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் வேண்டாம், சீல்கள் கெட்டுவிடும்.

அப்புறம், வளைவில் முழுக்கத் திருப்பி அப்படியே அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆயில் சூடேறுவதே அங்கேதான்.