நல்ல கேமரா வாங்கினால் யூடியூப் சேனல் வளர்ந்துவிடுமா?

வளராது. வில்லேஜ் குக்கிங் சேனலையே பாருங்கள், புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கியது. வயல்வெளியில் பெரிய அண்டா, அம்மியில் அரைக்கும் சத்தம், ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி அதன் பெயரை உரக்கக் கத்துவார்கள், அவ்வளவுதான். தமிழ் தெரியாதவர்கூட ஒரு சொல் புரியாமலே கடைசிவரை பார்ப்பார், அதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார், அதே ஆண்டு ஒரு கோடி சந்தாதாரர்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்பே சேனல் பெரிசுதான். அப்புறம் காசு விஷயம்: நீள வீடியோ போடுபவருக்கு விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதுவரை கைக்காசுதான்.