திடீரெண்டு கூடி வந்த போன் பில்லுக்கு ஆர் பொறுப்பு, பாவிச்சவரா கொம்பனியா?

கேள்வி கேட்டவர் சொல்லுறது இதுதான்: போஸ்ற்பெயிட் பில் வழமையா 2,000 ரூபாய்க்குள்ள வாறது, இந்த மாதம் 30,000 ஐத் தாண்டிட்டுது. கொம்பனியிட்டப் போனால் "உங்கட போனிலயிருந்துதான் போயிருக்கு, நீங்கள்தான் கட்டவேணும்" எண்டினம். ஆர் பொறுப்பு?

காசு ஓடுறது ஆருக்குத் தெரிஞ்சு கொண்டிருந்ததோ அவர்தான் பொறுப்பு. உங்களுக்குப் பில் வந்தபிறகுதான் தெரிஞ்சது. கொம்பனியின்ர கொம்பியூட்டருக்கு அந்தச் செக்கனே தெரியும். தெரிஞ்சவர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துபோட்டுத் தெரியாதவரிட்டக் காசு கேக்கிறது எந்த ஊர் நியாயம்?

இப்ப உங்கட வீட்டில "போனை நோண்டினால் இப்பிடித்தான்" எண்டு ஆரோ ஏசியிருப்பினம். ஏசட்டும். ஆனா அவையின்ர ஏச்சைக் கேட்டுப் பயந்துபோய்க் காசைக் கட்டிப்போடாதேங்கோ.

நான் வக்கீலும் இல்லை, கொம்பனி ஆளும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சின்னக் கொமினிகேசன் வைச்சிருக்கிறன். ரீலோட், போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பரீட்சைக் காலத்தில கொஞ்சம் பேனை பென்சில். ரீலோட்டில கொமிசன் வருது, அதால கொம்பனிக்குச் சார்பா எழுதுவன் எண்டு நினைக்கிறவைக்கு: 100 ரூபாய் ரீலோட் போட்டால் எனக்கு வாறதில ஒரு பிளேன்ரீயும் குடிக்கேலாது. மற்றப் பக்கம், கொம்பனியோட கோவத்தில எழுதிறன் எண்டு சொல்லப்போறவைக்கு: ஓம், கோவம் இருக்கு. காரணத்தைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ.

எங்கட பக்கம் கூடுதலான ஆக்கள் ப்ரீபெயிட்தான். அதில பெரிய பில் வராது, ஆனா சல்லி சல்லியா அரிக்கும். ஆரும் கேக்காத சாத்திரம், கிரிக்கெற் ஸ்கோர், ரிங்கிங் டோன் எண்டு நாளுக்கு இத்தினை ரூபாய் வெட்டிக்கொண்டு போகும். வயல்வேலை செய்யிற ஐயாவுக்குச் சிங்களத்திலயோ இங்கிலிசிலயோ ஒரு மெசேஜ் வரும், அவர் அதை அழிக்கிறன் எண்டு எதையோ அமத்துவார், சரி, சந்தாதாரர் ஆகிட்டார். பிறகு "தம்பி, நேற்றுப் போட்ட காசு எங்க?" எண்டு என்னட்டத்தான் வருவார், கொழும்புக்கே போவார்? இந்தியாவில 2013 ஆம் ஆண்டே இந்த மாதிரிச் சேவையளுக்கு வாடிக்கையாளர் ரெண்டு தரம் சம்மதம் சொல்லவேணும் எண்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்திட்டுது.

ஆனா எனக்குச் சுட்டது ப்ரீபெயிட் இல்லை. எங்கட ரீச்சரின்ர பில்.

போன வருசத்துக்கு முதல் வருசம் ஒரு கொம்பனி (பேர் வேண்டாம், எல்லாரும் ஒண்டுதான்) வாகனத்தில வந்து என்ர கடை வாசலில குடை விரிச்சு, அரசாங்க உத்தியோகத்தருக்கு விசேட பக்கேஜ் எண்டு சொல்லிப் போஸ்ற்பெயிட் சிம் குடுத்தது. எனக்குத் தந்தது ஒரு பனரும் ரெண்டு ரீசேர்ட்டும். ஆனா ஊர்க்கணக்கில அது "என்ர கடைச் சிம்". ரீச்சரும் அதிலதான் எடுத்தவா. ஒழுங்கா மாதம் மாதம் 1,300, 1,400 எண்டு கட்டிக்கொண்டு வந்தவா. ஒழுங்கா கட்டினதுக்குப் பரிசா என்ன செய்தவை தெரியுமே? அவாவைக் கேக்காமலே கடன் எல்லையை, அதுதான் பில் எவ்வளவு மட்டும் ஏறலாம் எண்ட அளவை, கூட்டி விட்டிட்டினம். வெளிநாட்டு அழைப்பு, அதுதான் ஐடிடி, முதல் நாளே திறந்துதான் கிடந்தது. அதையும் அவா கேக்கேல்லை.

ஒருநாள் ராத்திரி ஒரு மிஸ்ட் கோல். ஒரு மணி அடிச்சுக் கட்டாகிட்டுது. நம்பர் +1 473 எண்டு தொடங்குது.

வெளிநாட்டில ஆக்கள் இருக்கிற எந்த வீட்டிலயும் +1 எண்டால் கனடா. ரொறன்ரோ நம்பர் 416, 647, 437 எண்டு வரும். ரீச்சரின்ர சித்தியின்ர மகன் ஸ்காபரோவில, அவரின்ர நம்பர் 437. இப்ப 437 ஐயும் 473 ஐயும் கண்ணாடி போடாமல், இரவு பதினொரு மணிக்கு, விளக்கை நிப்பாட்டிப்போட்டு வாசிச்சுப் பாருங்கோ. 473 கனடா இல்லை, கிரனடா. கரீபியன் கடலில ஒரு தீவு. அமெரிக்காவும் கனடாவும் மட்டுமில்லை, யமேக்கா (876), டொமினிக்கன் குடியரசு (809) எண்டு அந்தப் பக்கத்துத் தீவுகள் கனக்க +1 க்குள்ளதான் இருக்கு. அங்க எடுக்கிற காசு கனடாவுக்கு எடுக்கிற காசு இல்லை.

இது உலகம் முழுக்க நடக்கிற களவு. ஜப்பான்காரர் வன்கிரி எண்டு சொல்லுவினம். ஒரு மணி அடிச்சு வெட்டுறது, திருப்பி எடுக்க வைக்கிறது. கட்டணம் கூடின நம்பர்களை மொத்தமா வாடகைக்கு எடுத்து, கொம்பியூட்டரால ஆயிரக்கணக்கான போனுக்கு ஒவ்வொரு மணி அடிப்பினம். நீங்கள் திருப்பி எடுத்தால், உங்கட கொம்பனி அந்த நாட்டுக் கொம்பனிக்குக் கட்டுற காசில ஒரு பங்கு களவெடுக்கிறவனுக்குப் போகும். அதால உங்களை லைனில வைச்சிருக்கிறதுதான் அவனின்ர தொழில். மணி அடிக்கிற சத்தத்தையே பதிஞ்சு போட்டு விடுவினம். நீங்கள் "இன்னும் எடுக்கேல்லை" எண்டு காத்துக்கொண்டு நிப்பியள், மீற்றர் ஓடிக்கொண்டிருக்கும். 2019 இல அமெரிக்காவின்ர தொலைத்தொடர்பு ஆணையமே மொரிட்டானியாவின்ர 222 இலிருந்து வாற இப்பிடியான அழைப்புப் பற்றித் தங்கட சனத்துக்கு அறிவித்தல் குடுத்தது.

ரீச்சர் திருப்பி எடுத்தவா. மணி அடிச்சுது, பிறகு இரைச்சல், பிறகு "ஹலோ" மாதிரி ஒரு குரல், பிறகு ஒண்டுமில்லை. அடுத்த நாளும் எடுத்தவா. அதுக்கடுத்த நாளும். அந்தக் கிழமை முழுக்க.

பில் 26,400 ரூபாய். அதில வற் 18 வீதம் வேற. களவெடுத்த காசுக்கும் அரசாங்கத்துக்கு வரி.

அவான்ர புருசன்தான் முதல் என்ர கடைக்கு வந்தவர். சனம் நிக்குது, பள்ளிக்கூடப் பிள்ளையள் நிக்குதுகள், "நீ வித்த சிம்தானே" எண்டு தொடங்கிட்டார். நான் சிம் விக்கேல்லை அண்ணை, குடைக்குக் கீழ வித்தவை எண்டால் ஆர் கேக்கிறது. கடைசியில நானே கடையைத் தம்பியிட்டக் குடுத்திட்டு ரீச்சரோட கிளிநொச்சிக்குப் போனன்.

கவுண்டரில இருந்தது எங்கட பெடியன் ஒருத்தன். அவனை நான் குறை சொல்லேல்லை, அவன் சம்பளத்துக்கு இருக்கிறான். "ரீச்சர், சிஸ்ரத்தில நீங்கள் டயல் பண்ணினதாத்தான் காட்டுது." நான் கேட்டன்: தம்பி, வழமையா 1,300 வாற நம்பரில ஒரு ராத்திரிக்குள்ள 4,000 ரூபாய்க்கு மேல ஓடினால் உங்கட சிஸ்ரம் ஒரு மெசேஜ் அனுப்பாதோ? பில் ஒரு நாள் பிந்தினால் காலையில, மத்தியானம், பின்னேரம் எண்டு அனுப்புறியளே? அவன் சிரிச்சான். பிறகு "தெரியாத நம்பருக்கு ஏன் ரீச்சர் எடுத்தனீங்கள்?" எண்டு கேட்டான். ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லை.

திரும்பி வரேக்க, பஸ்சில, விசுவமடு தாண்டினபிறகுதான் சொன்னவா. 2009 மே மாதம், சண்டை முடியேக்க, வட்டுவாகல் பாலத்தடியில அவான்ர தம்பியை ஆமியிட்டக் கையளிச்சவை. அதுக்குப் பிறகு தகவல் இல்லை. ஆரோ அவரை வெளிநாட்டில கண்டது எண்டு ஒரு கதை ஒருக்கா வந்தது. "அந்த 'ஹலோ' கேக்க ஏதோ செய்துது, சில நேரம் எண்டு நினைச்சன்" எண்டா.

உங்களுக்கு இது கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டு தோன்றலாம். எனக்கு இதுதான் சம்பந்தம். "தெரியாத நம்பருக்குத் திருப்பி எடுக்காதேங்கோ" எண்டு எல்லாரும் அறிவுரை சொல்லுறியள். அந்த அறிவுரை, எல்லாரும் வீட்டில இருக்கிற ஆக்களுக்குச் சரி. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரியில தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டோரின்ர உறவுகளின்ர போராட்டத்தைப் போய்ப் பாருங்கோ. அங்க இருக்கிற எந்த அம்மாவிட்டயும் தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதேங்கோ எண்டு உங்களால சொல்ல ஏலுமோ? அவை எடுப்பினம். நானும் எடுப்பன். அதால அழைக்கிற ஆளைத் திருத்தி இந்தப் பிரச்சினையைத் தீர்க்கேலாது. நடுவில மீற்றர் வைச்சிருக்கிறவன்தான் கதவைப் பூட்டவேணும்.

பூட்ட ஏலாததும் இல்லை. 2003 இல, ஏ9 றோட்டுத் திறந்து சனம் போய்வந்த காலம், நான் வவுனியா டவுனில ஒரு கொமினிகேசனில வேலைக்கு நிண்டனான். கூண்டுக்குள்ள போனுக்கு மேல சிவப்பு எழுத்தில ஒரு பெட்டி: எத்தினை நிமிசம், எத்தினை ரூபாய். லண்டனுக்கு எடுக்கிற அம்மா ஒரு கண் அதிலதான் வைச்சிருப்பா. 500 வரப்போகுது எண்டால் "சரி மோனை வைக்கிறன், சாப்பிடு" எண்டு வைச்சிடுவா. ஆரும் எங்களோட பில்லுக்குச் சண்டை பிடிச்சதே இல்லை. இப்ப அந்தப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோயிட்டினம், எங்களுக்கு மாத முடிவில கடதாசி வருது.

ஐரோப்பாவில 2010 யூலையிலயே இதுக்கு ஒரு வழி செய்தவை. மற்ற நாட்டுக்குப் போய் இன்ரநெற் பாவிச்சால் 50 யூரோவோட தானா நிக்கும், வேணுமெண்டால் நீங்கள் சொல்லித்தான் மேல போகும். 2017 யூனிலிருந்து ஒன்றியத்துக்குள்ள ரோமிங் மேலதிகக் காசையே எடுத்துப்போட்டினம். (சுவிசில இருக்கிற எங்கட ஆக்கள் கவனம், சுவிஸ் அந்த ஒன்றியத்துக்குள்ள இல்லை. பாசலில இருக்கிற என்ர மச்சான் எல்லைக்கு அங்கால ஜேர்மன் கடையில சாமான் வாங்கப் போய்ப் பட்டுத் தெளிஞ்சவர்.) தொழில்நுட்பம் இல்லை எண்ட கதை எடுபடாது எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன்.

சரி, பாவிக்கிறவருக்கு ஒரு பொறுப்பும் இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு. மகனிட்டப் போனைக் குடுத்திட்டு அவன் கேமில துவக்கு வாங்கினதுக்குக் கொம்பனியை ஏசேலாது. பக்கேஜ் முடிஞ்சுது எண்டு மெசேஜ் வந்து, உங்களுக்கு விளங்கிற மொழியில வந்து, அதுக்குப் பிறகும் ராத்திரி முழுக்கப் படம் பாத்தால் அது உங்கட கணக்கு. விளங்கிற மொழியில எண்டதை விட்டுப்போட்டு வாசிக்காதேங்கோ. மற்றது, மன்னார்ப் பக்கம் இருக்கிறவை ரோமிங்கை நிப்பாட்டி வைக்கிறது நல்லம். இந்தியாப் பக்கம் தனுஷ்கோடியில நிக்கிற ஆக்களின்ர போனுக்கு எங்கட ரவர் பிடிக்கிறது தெரிஞ்ச கதைதானே, அதே மாதிரி அவையின்ர ரவர் உங்கட போனிலயும் பிடிக்கலாம், தலைமன்னாரிலயிருந்து அந்தக் கரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான்.

இதோட ஒண்டு, கேக்காத விசயம்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எதுக்கெடுத்தாலும் கடைக்காரனைத்தான் பிடிக்கினம். அஸ்வெசும எண்ட அரசாங்க நிவாரணப் படிவத்துக்கு அடையாள அட்டைக் கொப்பி கேப்பினம். குடுப்பினம். பிறகு அதே கொப்பியை இன்னொரு மேசைக்குக் கேப்பினம். மூண்டாம் தரம் வாற ஆச்சி "உனக்கு உழைப்புக் குடுக்கத்தான் உவை கேக்கினம்" எண்டு என்னை ஏசுறா. ஆச்சி, அந்த மெசினுக்கு ரோனர் வாங்கிற விலை தெரிஞ்சால் நீங்கள் எனக்கு நிவாரணம் எழுதித் தருவியள். ஒரு கந்தோர் எடுத்த கொப்பியைப் பக்கத்து மேசைக்குக் குடுக்கத் தெரியாத நாட்டிலதான் நான் போன் பில்லுக்கு நியாயம் தேடுறன்.

ரீச்சரின்ர கதை எப்பிடி முடிஞ்சுது எண்டால், நாங்கள் வாயால கதைக்கிறதை விட்டிட்டு எழுத்தில குடுத்தம். விபரமான பில் எடுத்து, 473 நம்பருக்குப் போன ஒவ்வொரு அழைப்பையும் கோடு போட்டு, இந்தத் தொகைக்கு நான் உடன்படேல்லை, மிச்சம் இவ்வளவையும் இப்பவே கட்டுறன் எண்டு தமிழிலயே எழுதி, பதிவுத் தபாலில அனுப்பினம். வழமையான தொகையை அண்டைக்கே கட்டி ரசீதை வைச்சுக்கொண்டம், லைனை வெட்டினால் கேக்கிறதுக்கு. ஒரு பதிலும் இல்லை. பிறகு 1900 க்கு எடுத்துத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்ட முறையிட்டு, அந்த விபரத்தையும் சேர்த்து இன்னொரு கடிதம் போட்டம். அதுக்குப் பிறகுதான் கொழும்பிலயிருந்து போன் வந்தது. நல்லெண்ண அடிப்படையில பாதியைக் கழிக்கினமாம். களவு போனதில பாதியை வாங்க நாங்கள் நன்றி சொல்லவேணும்! நான் மிச்சத்துக்கும் நிப்பம் எண்டன். ரீச்சர் களைச்சுப்போனா, தவணையில கட்டி முடிச்சிட்டா. அது அவான்ர முடிவு, நான் குறை சொல்லமாட்டன்.

நீங்கள் களைக்காதேங்கோ. விபரமான பில் எடுங்கோ, அது கேட்டால் குடுக்கவேண்டிய சாமான். எந்த நம்பர், எத்தினை மணிக்கு, எத்தினை செக்கன் எண்டு பாருங்கோ. அழைப்பு இல்லாமல் டேற்றாக் காசு எண்டால் பக்கேஜ் எந்தத் திகதி முடிஞ்சுது, அதுக்கு மெசேஜ் அனுப்பினவையோ எண்டு கேளுங்கோ. ஐடிடி தேவையில்லை எண்டால் இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்கோ, கடன் எல்லையைக் குறைச்சு எழுத்தில வாங்குங்கோ. கவுண்டரில முறைப்பாட்டு இலக்கம் தராமல் "பாக்கிறம்" எண்டால் கதிரையை விட்டு எழும்பாதேங்கோ.

கீழ வந்து "படிப்பிக்கிற ரீச்சரே ஏமாறுறதா" எண்டு எழுதப்போற ஆக்கள், முதல்ல உங்கட லைனில ஐடிடி திறந்தோ பூட்டியோ கிடக்கெண்டு பாத்திட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.