சாலைத் தேர்வில் புள்ளிகள் எப்படிப் பதிவாகின்றன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டப்புறத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, சாலைத் தேர்வில் ஃபெயில் என்றார்கள். எங்கே தப்பு செய்தேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

தங்கச்சி, கார் உரிமத்துக்கான சாலைத் தேர்வில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி பக்கத்து இருக்கையில் அமர்ந்து, படிவத்தில் குறித்துக்கொண்டே வருவார். கண்ணாடி பார்க்காதது, சிக்னல் போடாதது, சந்திப்பில் முழுதாக நிற்காதது எல்லாம் அதில் ஏறும். 20க்கு 16 எடுத்தால் பாஸ். அந்தப் படிவம்தான் உன் தேர்வின் பதிவு. அதனால் காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே பணிவாகக் கேட்டுவிடு: "எங்கே, எதற்காகப் புள்ளி போனது, சார்?" நம் பிள்ளைகள் பலர் மலாய் சரளமாக வராது என்ற பயத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இதுதான். கேட்பது தப்பே இல்லை.

சரி, முடிவில் நியாயமில்லை என்று தோன்றினால்? அன்றைக்கே தேதி, நேரம், கார் எண், நடந்தது எல்லாவற்றையும் எழுதி ஜேபிஜே அலுவலகத்தில் கொடு. கேமரா பதிவு இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேள். நாள் கடந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடலாம்.

அப்புறம், மறுதேர்வுக்குத் தோற்ற பகுதியை மட்டும் மறுபடி செய்தால் போதும். முன்பு எழுதிய சாலை விதிக் கணினித் தேர்வில் 50க்கு 42 எடுத்துப் பாஸானது வீணாகாது.