அந்த இரண்டு எழுத்துகள் யாருடையவை?

கேள்வி: பழைய ராணுவக் கத்திகளையும் வேட்டைக் கத்திகளையும் வாங்கிச் சீர்செய்து சேர்த்து வருகிறேன். சென்ற ஆண்டு மாமனார் காலமானார். ராணுவத்தில் அவர் வைத்திருந்த கத்தி என்னிடம் வந்தது. துருவேறிக் கிடந்ததைப் பஃபிங் சக்கரத்தில் (மெருகேற்றும் இயந்திரச் சக்கரம்) கொடுத்து, அடியில் கீறியிருந்த இரண்டு எழுத்துகளையும் தேய்த்தெடுத்துப் புதிதுபோல ஆக்கிவிட்டேன். என் மனைவிக்கு இதிலெல்லாம் ரசனையே கிடையாது. இப்போது என் அறைப்பக்கமே வருவதில்லை. கூடத்தில் கண்ணாடி அலமாரி வைக்கலாம் என்றாலும் முகம் கொடுப்பதில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: வீட்டில் தங்கள் பொழுதுபோக்கை மதிப்பதில்லை என்று எழுதும் கணவர்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். தபால்தலை, கேமரா, கைக்கடிகாரம் என்று பொருள்தான் மாறும். அந்த வரிசையில் உங்களையும் சேர்த்து இரண்டு வரியில் முடித்திருப்பேன். போகிறபோக்கில் எழுத்துகளைத் தேய்த்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்டீர்கள்.

கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ஒரு பக்கம், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்கள் வைத்திருந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்திக்கே போயிருக்கிறது. 1941-ல் வந்த முதல் வகையில், அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள குறுக்குக்கட்டை ‘எஸ்’ போல வளைந்திருக்கும் என்கிறீர்கள். 1942-ல் அமெரிக்க மரீன் படை ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியில் தோல் வளையங்களை அடுக்கிக் கைப்பிடி செய்ததை விவரிக்கிறீர்கள். எல்லாம் சரி. முகம் தெரியாத சிப்பாயின் கத்திக்கு இவ்வளவு விசாரித்தவருக்கு, மாமனார் கத்தியில் இருந்தது யார் எழுத்து என்று அவர் மகளிடம் கேட்கத் தோன்றவில்லையா?

ஆலையில் ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்த கத்திகள் அவை. தன்னுடையது பிறருடையதோடு கலந்துவிடாதிருக்க உறையிலோ கைப்பிடியிலோ பெயரைக் கீறிவைத்த வீரர்கள் ஏராளம். சந்தையில் அப்படியொன்று கிடைத்திருந்தால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே கிடைத்ததால் அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

கத்தி ‘என்னிடம் வந்தது’ என்கிறீர்கள். யார் கொடுத்தார்கள்? மனைவி கொடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. தகப்பனார் விட்டுப்போன பொருள் மகளுடையது. மருமகன் அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம், கைவைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அப்பாவின் கத்தியிலிருந்த எழுத்தை அழித்துவிட்டு, மனைவிக்கு ரசனை இல்லை என்று பத்திரிகைக்கு எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

தொழில்முறையிலும் நீங்கள் செய்தது தப்புதான். பழைய எஃகின் மேல் படிந்த கருமை கத்திக்குக் கெடுதல் செய்வதில்லை, ஓரளவு காக்கவே செய்யும். அரிப்பது செந்துரு. அதற்கு எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நைஸான ஸ்டீல் உல்லால் (மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) மெதுவாகத் துடைத்தாலே போதும். சக்கரத்தில் கொடுத்தால் கத்தியில் பதித்த முத்திரையின் விளிம்பு மழுங்கும், சூடு ஏறினால் எஃகின் பதமும், அதாவது கடினத்தன்மையும், போகும். அலகில் எங்காவது நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது.

போன எழுத்து வராது. அமிலம் பூசிப் பழசாக்குவதோ அதே இடத்தில் மறுபடி கீறுவதோ வேண்டாம். போலிக் கத்தி விற்பவன் செய்கிற வேலை அது. தோலில் உள்ள பதனிடும் பொருளும் ஈரமும் இரும்பை அரிக்கும் என்பதால், கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். என்ன செய்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். “துருவை எடுக்கத்தான் செய்தேன்” என்று தொடங்காதீர்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பற்றிக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், மாமியார் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் மாமனாரோடு பணியாற்றியவர்களிடம் விசாரியுங்கள். பழைய புகைப்படம் எதிலாவது கத்தி தென்படலாம். கிடைத்ததை எழுதிக் கத்தியோடு வையுங்கள்.

கண்ணாடி அலமாரிக்குப் பூட்டு கட்டாயம். அதுவும் மனைவி சம்மதித்த பிறகுதான். அவருடைய அப்பாவின் கத்தி அதற்குள் போகுமா என்பதை அவரே சொல்லட்டும்.