எழும் கரையில் செடிகளின் வரிசை

கேள்வி: எங்கள் தென்னந்தோட்டத்துக்கு அப்பால், சேறு சேரச் சேர அப்பி-அப்பி என்னும் அலையாத்தி மரங்கள் கடலை நோக்கி நகர்கின்றன. நிலமே உயரும் கரைகளிலும் இப்படித்தானா?
– வாசகி, பாகான் டத்தோ

பதில்: வரிசை உண்டு; காரணம்தான் வேறு. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள குவார்க்கன் பகுதியில், பனியுகப் பனிப்படலத்தின் சுமை நீங்கியதால், நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்கிறது. ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய இடுப்பளவு! முதலில் உப்பைத் தாங்கும் புற்களும் நாணலும் வருகின்றன. அடுத்து வரும் முட்புதர் ஒன்றும் ஆல்டர் மரமும், தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. அந்த வளத்தில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் ஓங்கியதும், வெயில் விரும்பியான முட்புதர் நிழலில் மடிந்து, புதிதாய் எழுந்த கரையில் மட்டுமே தழைக்கிறது.